கம்பி அறுந்த பிறகு: மறக்கப்பட்ட மௌனத் த்ரில்லர்கள்

மாடி ஜன்னல் வழியாக ஒரு பெண் கீழே எட்டிப் பார்க்கிறாள். கேமராவும் அவளோடு சேர்ந்து செங்குத்தாகக் கீழே பார்க்கிறது. சுவரோரம் நிற்கும் நாடோடி ஒருவன் தலையை நிமிர்த்துகிறான். தொப்பியின் விளிம்புக்கு அடியிலிருந்து அவன் முகம் வெளிப்பட, கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. சின்னச் சத்தம்கூட இல்லை. நூறாண்டு கடந்த பின்னும் அந்தப் பார்வை பட்டதும் பார்ப்பவரின் உடம்பு ஒரு கணம் பின்வாங்கும்.

படத்தின் பெயர் ‘சஸ்பென்ஸ்’. 1913 ஜூலையில் அமெரிக்காவில் வெளியானது. ரெக்ஸ் நிறுவனம் தயாரித்து, யுனிவர்சல் விநியோகித்த ஒற்றைச் சுருள் படம். ஓடும் நேரம் சுமார் பத்து நிமிடம். லோயிஸ் வெபர் தம் கணவர் பிலிப்ஸ் ஸ்மாலியுடன் சேர்ந்து இயக்கினார். ஜன்னலில் நிற்கும் பெண்ணாக நடித்தவரும் வெபர்தான்.

திரைப்பட வரலாற்று நூல்களில் இத்தகைய படங்களுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும்: ஹிட்ச்காக்குக்கு முன்னோடி. முன்னோடி என்ற பட்டம் மரியாதைபோலத் தெரிந்தாலும் அது படத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது. பின்னால் வந்த பெரிய படத்தின் கரட்டு வடிவத்தைத் தேடும் கண்ணோடு உட்கார்ந்தால், அந்தக் கரட்டு வடிவம் மட்டுமே தென்படும். இந்தப் படங்களைச் செய்தவர்களுக்கோ பின்னால் யார் வரப்போகிறார்கள் என்பது தெரியாது. கையிலிருந்த கருவிகளைக் கொண்டு, அன்று மாலை கொட்டகைக்கு வந்தவர்களைப் பதறவைக்க வேண்டும் என்பதே அவர்கள் முன்னிருந்த வேலை. அதற்காக அவர்கள் கண்டுபிடித்த வழிகள் பல. அவற்றில் சிலதான் பிற்காலத்தில் எல்லோருடைய சொத்தாயின. மற்றவை அப்படியே நின்றுபோயின. அப்படி நின்றுபோனவற்றுக்காகவே இந்தப் படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

‘சஸ்பென்ஸ்’ படத்தின் கதை வெபர் புதிதாகச் சொன்னதன்று. தனித்திருக்கும் வீடு, உள்ளே ஒரு பெண், வெளியே திருடன், தொலைபேசியின் மறுமுனையில் கணவன் என்ற இந்த அமைப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரிஸ் நாடக மேடையில் வந்துவிட்டது. ஆந்த்ரே த லோர்த் எழுதிய நாடகத்தில் கணவன் தொலைபேசியைக் காதில் வைத்தபடி தன் குடும்பம் கொல்லப்படுவதைக் கேட்கிறான். அவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 1908இல் பாத்தே நிறுவனம் இதே அமைப்பில் ஒரு டாக்டரின் வீட்டைப் பற்றிய குறும்படம் எடுத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் டி. டபிள்யூ. கிரிஃபித் ‘த லோன்லி வில்லா’ எடுத்தார். இரண்டிலும் கணவன் நேரத்துக்கு வந்து குடும்பத்தைக் காப்பாற்றிவிடுகிறான். 1914இல் ரஷ்யாவில் யாக்கவ் புரோட்டஸானவ் எடுத்த படத்தில் கணவன் வந்துசேரும்போது மனைவி உயிரோடு இல்லை. ஒரே கதை நாட்டுக்கு நாடு முடிவை மாற்றிக்கொண்டு பத்தாண்டுக்கும் மேலாகச் சுற்றிவந்திருக்கிறது. தொலைபேசி அன்று வசதியானவர்களின் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்த புதிய சாதனம். தூரத்தில் இருப்பவரின் குரலைப் பக்கத்தில் கொண்டுவரும், ஆளைக் கொண்டுவராது. இதைவிட நல்ல த்ரில்லர் கரு கிடைப்பது கடினம். ஆனால் குரல்தான் உயிரான இந்தக் கதையைக் குரலே இல்லாத ஒரு கலையில் சொல்ல வேண்டியிருந்தது.

கிரிஃபித் இதை வெட்டி ஒட்டித் தீர்த்தார். வீட்டுக்குள் தாயும் மூன்று மகள்களும் மேசை நாற்காலிகளை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். வெளியே திருடர்கள். சாலையில் கணவன், கார் பழுதாகிவிட, நாடோடிகளின் வண்டியைப் பிடித்துக்கொண்டு விரைகிறான். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷாட்டுகளில் படம் இந்த மூன்று இடங்களுக்கும் மாறிமாறி ஓடுகிறது. இன்றும் நாம் கிளைமாக்ஸ் என்று பார்ப்பது இதைத்தான்.

வெபர் வேறொன்று செய்தார். திரையைக் கோடுகளால் பிரித்து மூன்று முக்கோணங்கள் ஆக்கினார். நடு முக்கோணத்தில் அலுவலகத்தில் ரிசீவரைப் பிடித்திருக்கும் கணவன். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் வீட்டை நெருங்கும் நாடோடி. மூவரும் ஒரே நேரத்தில் நம் கண்முன் இருக்கிறார்கள். கிரிஃபித்தின் முறையில் ஓரிடத்தைப் பார்க்கும்போது மற்ற இடங்கள் மறைந்துவிடும்; அங்கே என்ன ஆயிற்றோ என்ற தவிப்பு பிறக்கும். வெபரின் முறையில் எதுவும் மறைவதில்லை. எல்லாம் தெரிந்தும் தடுக்க முடியாத தவிப்பு அது. தொலைபேசிக் காட்சியைப் பிரித்த திரையில் காட்டுவதை அவருக்கு முன்பே சிலர் செய்திருக்கிறார்கள். ஆனால் பேசும் இருவருக்கு நடுவே அந்தப் பேச்சில் இல்லாத மூன்றாமவனை இவ்வளவு அழுத்தமாகக் கொண்டுவந்து வைத்தது இந்தப் படத்தின் பலம்.

பிறகு நாடோடி கம்பியை அறுக்கிறான். நான் இந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது இந்தக் கட்டத்துக்காகத்தான். அந்த நொடிக்குப் பின் மனைவிக்குக் கணவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. கணவனுக்கு மனைவி இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது. இரு இடத்தையும் அறிந்தவர் ஒருவர்தான்: கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர். அறுந்த கம்பியின் இடத்தில் படம் நம்மை வைத்துவிடுகிறது. பேசும் படத்தில் ஒரு அலறலோ காலடி ஓசையோ அந்த இடைவெளியை நிரப்பிவிடும். இங்கே நிரப்ப எதுவும் இல்லாததால் அந்தப் பாரம் முழுவதையும் நாமே சுமக்கிறோம்.

படத்தின் சின்னச் சின்ன விவரங்களையும் கவனிக்க வேண்டும். இந்த ஆளரவமற்ற இடத்தில் வேலை செய்ய முடியாது என்று சீட்டெழுதி வைத்துவிட்டு, சாவியை மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்காரப் பெண் போய்விடுகிறாள். அவள் போவது நாடோடியின் கண்ணில் படுகிறது. வரத் தாமதமாகும் என்று கணவன் ஏற்கெனவே சொல்லியாயிற்று. சீட்டைப் பார்த்த மனைவி அவனை அழைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிடுகிறாள். வேலையாக இருப்பவனைத் தொந்தரவு செய்வானேன் என்ற அந்தச் சிறு தயக்கம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. நாடோடியைக் கண்ட பிறகுதான் அழைக்கிறாள். கிரிஃபித்தின் வீட்டில் ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருகிறது. வெபரின் வீட்டில் ஒரு நல்ல மனைவியின் அடக்கத்தையும் துணையாகச் சேர்த்துக்கொண்டு வருகிறது.

கணவன் பக்கமும் அப்படித்தான். தெருவில் நின்ற யாரோ ஒருவரின் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். சொந்தக்காரரும் போலீசும் இன்னொரு காரில் துரத்துகிறார்கள். காரின் வட்டக் கண்ணாடிக்குள் துரத்தும் வண்டி சிறிதாகத் தெரிந்து நெருங்கிவரும் ஷாட் 1913இல் எடுக்கப்பட்டது என்பது நம்ப முடியாத ஒன்று. வழியில், சாலையில் நின்று புகைபிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மீது கார் மோதுகிறது. மனைவி சாவின் விளிம்பில் இருக்கிறாள், பின்னால் போலீஸ் வருகிறது. ஆனாலும் அவன் வண்டியை நிறுத்தி, அடிபட்டவருக்கு ஒன்றுமில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் கிளம்புகிறான். இந்தத் தாமதம் பதற்றத்தைக் கூட்டும் உத்தி என்பது உண்மை. அதைவிட முக்கியமாக, அவன் எப்படிப்பட்ட மனிதன் என்பதை ஒரு வசன அட்டையும் இல்லாமல் அது சொல்லிவிடுகிறது. அதே நேரத்தில் வீட்டில் நாடோடி மாடிப்படி ஏறுகிறான். அவன் முகம் கேமராவை நெருங்கி நெருங்கித் திரையை நிறைக்கிறது.

வெபர் அடுத்த சில ஆண்டுகளில் யுனிவர்சலின் மிக முக்கியமான இயக்குநர்களில் ஒருவரானார். வறுமை, மரண தண்டனை, கருத்தடை என்று அன்று பேசத் தயங்கிய விஷயங்களைப் படமாக்கினார். 1939இல் இறந்தபோது ஹாலிவுட் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது. ‘சஸ்பென்ஸ்’ அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது 2020இல்தான்.

வெபர் காலத்தையும் இடத்தையும் திரையில் கூறுபோட்டார் என்றால், அதே 1913இல் பாரிஸில் லூயி ஃபொயாத் வெட்டாமலேயே பயமுறுத்திக்கொண்டிருந்தார். பியேர் சூவேஸ்த்ர், மார்செல் அலேன் இருவரும் 1911 முதல் மாதம் ஒன்றாக எழுதிக் குவித்த 32 ‘ஃபாந்தோமாஸ்’ நாவல்களிலிருந்து கோமோன் நிறுவனத்துக்காக அவர் ஐந்து படங்கள் எடுத்தார். ஆயிரம் வேடம் போடும் கொள்ளையன் ஃபாந்தோமாஸ். துரத்தும் இன்ஸ்பெக்டர் ழூவ். கூடவே பத்திரிகையாளன் ஃபாந்தோர். நம் ஊரில் ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், ஆரணி குப்புசாமி முதலியாரின் மர்ம நாவல்களும் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். அச்சில் மலிவாகக் கிடைத்த மர்மத்துக்கு உலகெங்கும் ஒரே பசி இருந்தது.

முதல் படத்தில் வரும் லிஃப்ட் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடம்பர ஹோட்டலில் ஒரு இளவரசியிடம் நகையையும் பணத்தையும் பறித்துக்கொண்ட ஃபாந்தோமாஸ் தப்ப வேண்டும். இன்றைய படமாக இருந்தால் ஓட்டமும் துரத்தலுமாக இருக்கும். ஃபொயாத்தின் கேமராவோ ஒவ்வொரு மாடியிலும் அசையாமல் நின்று லிஃப்ட் கடந்து போவதை மட்டும் காட்டுகிறது. ஒரு மாடி, அடுத்த மாடி, அதற்கடுத்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாத அந்த நேரத்தில்தான் அவன் லிஃப்ட் பையனின் சீருடைக்கு மாறியிருக்கிறான். அந்த உடையோடு முன்வாசல் வழியாகவே வெளியேறுகிறான். இதில் அவசரம் என்பதே இல்லை. குற்றம் ஹோட்டலின் அன்றாட ஒழுங்கோடு ஒழுங்காக நடந்துவிடுகிறது.

இரண்டாம் படத்தில் ழூவும் ஃபாந்தோரும் ஆளுக்கொரு கையாக அவனைப் பிடித்து நடத்திக்கொண்டு வருகிறார்கள். திடீரென்று அவன் முன்னால் பாய்ந்து ஓடிவிடுகிறான். அவர்கள் பிடியில் ஒரு கோட்டும் இரண்டு பொய்க் கைகளும் மிஞ்சுகின்றன. முழுவதையும் ஒரே கோணத்தில், எட்ட நின்று எடுத்திருக்கிறார்கள். கேமரா நெருங்கிப்போய் அந்தக் கைகளைக் காட்டியிருந்தால் அது தந்திரமாகத் தெரிந்திருக்கும். நெருங்காமல் விட்டதால் நம் கண்முன் நடந்ததை நாமே கவனிக்கத் தவறினோம் என்ற உணர்வு வருகிறது. மூன்றாம் படம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: இறந்தவனின் கைத்தோலைக் கையுறையாக அணிந்து கொலைசெய்து, செத்தவனின் ரேகையை விட்டுச்செல்கிறான் ஃபாந்தோமாஸ். கைரேகை அன்று போலீசின் புத்தம்புது நம்பிக்கை. உலகின் முதல் கைரேகைப் பிரிவு கல்கத்தாவில் 1897இல்தான் தொடங்கியிருந்தது. பதினாறு ஆண்டுகளில் அந்த அறிவியலையே குற்றவாளியின் கையில் கொடுத்துவிட்டது இந்தப் படம்.

ஃபொயாத்தின் ‘லே வாம்பீர்’ தொடர் 1915 நவம்பர் முதல் பத்துப் பாகங்களாக வந்தது. மொத்தம் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அப்போது பிரான்ஸ் போரில் இருந்தது. பாரிஸின் உண்மையான தெருக்களில், புறநகர் வீடுகளின் முன்னால் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட காட்சிகளில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. வெறிச்சிட்ட தெருவில் ஒரு கார் நிற்கிறது. மனிதன் ஒருவன் வீட்டுக்கதவைத் திறந்துகொண்டு வருகிறான். இவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் எதுவும் இருக்கலாம் என்று படம் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதால், சாதாரணத் தெருவே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. உடலோடு ஒட்டிய கறுப்பு உடையில் கூரைகள்மேல் ஏறிப் போகும் நடிகை முசிதோராவைச் சர்ரியலிஸ்ட் கவிஞர்கள் கொண்டாடியது பிற்பாடு. பகல் வெளிச்சத்தில் பயமுறுத்தும் ஃபொயாத்தின் இந்த வித்தையைத் தொடர்ந்தவர் மிகச் சிலர். த்ரில்லர் என்றாலே இருட்டும் நிழலும் என்று பிறகு வழக்கமாகிவிட்டது.

இருட்டையும் நிழலையும் முதலில் செம்மையாகக் கையாண்டவர்களில் ஒருவரான டென்மார்க்கின் பெஞ்சமின் கிறிஸ்டென்சனைப் பற்றி ஒரு வார்த்தை. அவரது 1914ஆம் ஆண்டு உளவுப் படம் ‘மர்மமான எக்ஸ்’ கதையளவில் சாதாரணம். தேசத்துரோகப் பழி சுமந்த கடற்படை அதிகாரி, பழைய காற்றாலையின் நிலவறையில் சிக்கிக்கொள்ளும் உளவாளி என்று போகும். ஆனால் ஒரு விளக்கு ஏற்றப்பட்டால் அறையின் எந்த மூலை விழித்துக்கொள்ளும், எது இருளிலேயே நிற்கும் என்பதை அவரளவுக்கு அன்று யோசித்தவர் அதிகமில்லை. 1916இல் எடுத்த ‘பழிவாங்கும் இரவு’ படத்தின் தொடக்கத்தில், கதை நடக்கப்போகும் வீட்டின் சிறு மாதிரி ஒன்றை நாயகிக்கு அவரே காட்டி விளக்குகிறார். ஜன்னல்கள் எங்கே, அறைகள் எங்கே என்று பார்வையாளருக்கும் தெரிந்துவிடுகிறது. பின்னால் செய்யாத கொலைக்குச் சிறைசென்று தப்பிய சர்க்கஸ் பயில்வான் கைக்குழந்தையோடு அந்த வீட்டுக்குள் நுழையும்போது, நமக்கு அது பழக்கமான வீடு. வீட்டின் வரைபடம் தெரிந்தால் பயம் குறையும் என்று நினைப்போம், கூடுகிறது.

இந்தப் படங்களைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் படத்தின் மோசமான பிரதியைத்தான் பார்த்திருப்பார்கள். கையால் சுழற்றி எடுத்த மௌனப்படங்கள் வினாடிக்கு 16 முதல் 20 சட்டங்கள் என்ற அளவில் ஓடியவை. அவற்றை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் பொம்மைபோலத் துள்ளுவார்கள். ஃபொயாத்தின் நிதானம் கேலிக்கூத்தாகும். வண்ணம் இன்னொன்று. இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். விளக்கொளி அறைக்கு மஞ்சள். சாயம் போன கறுப்பு வெள்ளைப் பிரதியில் நள்ளிரவுத் திருடன் நட்டநடுப் பகலில் சுவர் ஏறுவதாகத் தெரியும். ‘லே வாம்பீர்’ தொடரின் வசன அட்டைகளே தொலைந்துபோயிருந்தன. ஃபொயாத்தின் பேரன் ஜாக் ஷாம்ப்ரோவின் உழைப்பால்தான் அவை மறுபடி அமைக்கப்பட்டன. எனவே ஒரு படத்தை ஒதுக்குமுன், பார்த்தது மீட்டெடுக்கப்பட்ட பிரதியா என்று பாருங்கள். பார்க்கும்போது நடுவில் நிற்பவரை மட்டும் பார்க்காமல், பின்னால் உள்ள கதவு, திரைச்சீலை, கண்ணாடி ஆகியவற்றின் மேல் கண் போகட்டும். குளோஸ்-அப் வந்து நமக்குச் சுட்டிக்காட்டும் என்று காத்திருந்தால் பல விஷயங்கள் கைநழுவிப் போகும்.

இத்தனைக்கும் நமக்குக் கிடைத்திருப்பவை மிச்சம் மீதிதான். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட மௌன முழுநீளப் படங்களில் சுமார் 14 சதவீதமே மூல வடிவில் எஞ்சியுள்ளதாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே கெட்டும் போகும். பேசும்படம் வந்ததும் இனி காசு பார்க்க முடியாது என்று நிறுவனங்களே அழித்தவையும் ஏராளம். ஹிட்ச்காக்கின் இரண்டாம் படமான ‘த மவுண்டன் ஈகிள்’ இன்றுவரை கிடைக்கவில்லை. ரோலண்ட் வெஸ்டின் 1926ஆம் ஆண்டு மர்மப் படம் ‘த பேட்’ பல பத்தாண்டுகள் தொலைந்ததாகக் கருதப்பட்டுப் பிறகு அகப்பட்டது. 1978இல் கனடாவின் டாசன் நகரில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது, உறைந்த நிலத்துக்குள்ளிருந்து 500க்கும் மேற்பட்ட சுருள்கள் வெளிவந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் பழைய நீச்சல் குளத்தை மூடுவதற்கு நிரப்புப் பொருளாகப் போட்டவை அவை.

நம் நிலைமை இன்னும் மோசம். எடி போலோ, பேர்ல் ஒயிட் போன்றோரின் அமெரிக்கத் தொடர்படங்கள் இந்தியக் கொட்டகைகளில் கூட்டம் கூட்டமாகப் பார்க்கப்பட்டன. சென்னைக்காரரான டி. ரங்காச்சாரி தலைமையில் 1927–28இல் திரைப்படத் துறையை விசாரித்த குழு நாடெங்கும் சாட்சியம் திரட்டி அறிக்கை தந்தது. அன்றைய கொட்டகைகளையும் பார்வையாளர்களையும் அறிய அதுவே இன்றும் நமக்குள்ள அரிய ஆவணம். ஆனால் இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப்படங்களில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும், பதிப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கிக் கிடந்ததாலேயே நமக்குத் தப்பிக் கிடைத்திருக்கிறது.

வெபரின் படமும் ஃபொயாத்தின் மூலப்படங்களும் இன்று யாருடைய உரிமையிலும் இல்லை. ‘சஸ்பென்ஸ்’ இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. நம் ஊர்த் திரைப்படச் சங்கங்களும் கல்லூரிகளின் காட்சித் தகவலியல் துறைகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இவற்றை முறையான வேகத்தில், நேரடி இசையோடு திரையிட வேண்டும். மிருதங்கமும் வயலினும் போதும். பத்து நிமிடப் படத்துக்கு அரங்கு பிடிப்பதா என்று தயங்க வேண்டாம். ஃபாந்தோமாஸின் முதல் படத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு மாலைப் பொழுதுக்குச் சரியாக இருக்கும்.